மாங்கூழும் மைக்ரானும்

1990களின் கடைசியில் தனிஷ்க் நகைக்கடைகளில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. கையில் கிடக்கும் வளையலைக் கழற்றி அதற்குள் வைத்தால் போதும். சில நிமிடங்களில் தங்கம் எத்தனை பங்கு, செம்பு எத்தனை, வெள்ளி எத்தனை என்று காட்டிவிடும். உரைகல்லில் தேய்க்க வேண்டாம், உருக்க வேண்டாம், குன்றிமணி எடைகூடக் குறையாது. பார்ப்பதற்குக் காசும் கிடையாது. ‘காரட்மீட்டர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 22 காரட் என்று நம்பி வாங்கிய நகை அங்கே வேறு எண்ணாக வந்து நின்றபோது, பல வீடுகளில் பழைய நகைக்கடை மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

கருவி ஒன்றும் புதிதல்ல. ஒரு பொருளின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அதன் அணுவுக்குள் ஆழத்தில் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்று தூக்கி எறியப்படும். காலியான இடத்தில் மேலிருந்து இன்னொன்று வந்து விழும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய கதிர் ஒன்று வெளியே வரும். தங்கத்துக்கு ஒரு கதிர், செம்புக்கு வேறு கதிர். வருவதைப் பிரித்து எண்ணினால் கலவை தெரிந்துவிடும். சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சோதிப்பதும், உலோக ஆலையில் கலவையைச் சரிபார்ப்பதும் இதே முறையில்தான். இந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாந்தும் போகும். ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுக்காரர்களோடு இருந்த அதைத் தூக்கி வந்து, மூக்குத்தி வாங்க வந்த அம்மாவின் முன்னால் வைத்தார்களே, அதுதான் புதிது.

வைத்தவர்கள் கடிகாரக்காரர்கள். அதுவும் நம்ம ஓசூர் டைட்டன் கடிகாரக்காரர்கள்.

நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவன் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளியில் சின்னதாக ஒரு டூல் ரூம் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் வி.எம்.சி. மெஷின் ஒன்று, ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு மில்லிங், விற்க மனசு வராத பழைய லேத் ஒன்று. பெரிய கம்பெனிகளுக்கு ஃபிக்ஸரும் கேஜும் செய்து கொடுப்பது தொழில். துளை போடும்போது பாகம் அசையாமல் பிடித்துக்கொள்வது ஃபிக்ஸர். போட்ட துளை சரியா என்று சொல்வது கேஜ். இந்தத் தொழிலில் தினமும் ஒரு புதுத் தலைவலி வரும், அதற்கு அன்றே ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். அதனால்தான் ‘புதுசாக யோசிப்பது எப்படி’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் கொஞ்சம் நின்று கேட்பேன்.

பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. சம்பந்தமில்லாத இரண்டு விஷயத்தை முடிச்சுப் போடு, புதிது பிறக்கும். ஆர்தர் கோஸ்லர் 1964-இல் இதைப் பற்றி ஒரு தடிப் புத்தகமே எழுதினார். நகைச்சுவை, அறிவியல், கலை மூன்றிலும் நடப்பது இதுதான், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சிந்தனைத் தளங்கள் சந்திக்கும் இடத்தில் தீப்பொறி கிளம்புகிறது என்றார். பாதி சரி என்பேன். எதையும் எதோடும் முடிச்சுப் போடலாம், அதற்கு மூளை வேண்டாம், பொழுது இருந்தால் போதும். இழுத்துப் பார்த்தால் எந்த முடிச்சு நிற்கிறது என்பதுதான் விஷயம். நிற்கிற முடிச்சு, அவிழ்கிற முடிச்சு இரண்டையும் ஒரே கம்பெனியில் பார்க்க வேண்டுமானால் டைட்டன் கதையைப் பார்க்கலாம்.

டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கியது அது. நடத்தியவர் செர்க்ஸஸ் தேசாய். பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தை வாங்கி ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரம் செய்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாரைத் தவிர வேறு யந்திரம் பார்க்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் போய் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடிகாரத்தின் உள்பாகங்கள் பல வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 1990-ஐ ஒட்டி நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போனது. இறக்குமதி வேண்டுமென்றால் எதையாவது ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதித்துக் கொண்டு வா என்ற நிலை. நகை செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்று ஓசூரிலேயே நகைத் தொழிற்சாலை போட்டார்கள். அந்த வழி நினைத்தபடி அமையவில்லை. 1990களின் நடுவில் அந்த நகையை நம் நாட்டிலேயே விற்க எடுத்த பெயர்தான் தனிஷ்க்.

காகிதத்தில் பார்த்தால் அருமையான இணைப்பு. கடிகாரமும் சின்னது, நகையும் சின்னது. இரண்டும் உலோகம், இரண்டும் நுண்ணிய வேலை, இரண்டும் உடம்பில் போடுவது, இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறோம். ஆகவே கடிகாரத்தை விற்ற மாதிரியே நகையையும் விற்கலாம். 18 காரட்டில், கல் பதித்து, ஐரோப்பிய அழகில் செய்து வைத்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அழகாயிருக்கிறது என்றார்கள், போய்விட்டார்கள்.

ஏன் என்று எங்கள் தெருவில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நகை என்பது கழுத்தில் போட்ட சேமிப்பு. மழை தவறினால் அடகுக்கடைக்குப் போகும், பையன் காலேஜ் சேர்ந்தால் போகும், திரும்பி வந்து கல்யாணத்தில் மகள் கழுத்தில் ஏறும். 22 காரட் என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட தொண்ணூற்றிரண்டு பங்கு தங்கம். 18 என்றால் முக்கால் பங்குதான். அடகுக்கடைக்காரர் கல்லை எடை போட மாட்டார். கடிகாரத்தை ஒருவர் நேரம் பார்க்கவும் கௌரவத்துக்கும் வாங்குகிறார். நகையை வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்குகிறார். பார்வைக்கு ஒன்றாயிருந்த இரண்டும் வீட்டுக்குள் செய்கிற வேலை வேறு வேறு. முதல் முடிச்சு அதனால் அவிழ்ந்தது.

பிறகுதான் 22 காரட்டுக்கு வந்தார்கள், அதற்குப் பிறகுதான் காரட்மீட்டர். இந்த இரண்டாவது முடிச்சைப் பாருங்கள். எக்ஸ் கதிர்ப் பெட்டிக்கும் தாலிக்கொடிக்கும் பார்வையில் எந்த ஒற்றுமையும் கிடையாது. ஆனால் சிமென்ட் ஆலை ஆய்வாளர் கேட்பதும் நகை வாங்கும் பெண் கேட்பதும் ஒரே கேள்வி: உடைக்காமல், உருக்காமல், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல். கேள்வி ஒன்றாயிருந்ததால் பதிலும் பொருந்தியது. சோதித்ததோடு விடவில்லை. பழைய நகை 19 காரட்டுக்குக் குறையாமல் இருந்தால், செய்கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு 22 காரட் நகையாக மாற்றித் தருகிறோம் என்று ஒரு திட்டமும் விட்டார்கள். ஆசாமி ஏமாந்ததைச் சொல்லிவிட்டுச் சும்மா அனுப்பினால் கோபம் பெட்டி மேல்தான் வரும் என்று யாரோ விவரம் தெரிந்தவர் யோசித்திருக்கிறார்.

உருவம் ஒத்துப்போவது வேறு, வேலை ஒத்துப்போவது வேறு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். அவர் பெரிதாக வியந்து பேசியது எந்த மருத்துவமனையையும் அல்ல, அமெரிக்காவில் பார்த்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தை. கண்புரைக்கும் பன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் பார்த்தது பன்னை அல்ல. எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும், எந்தப் பிள்ளை செய்து கொடுத்தாலும், ஒரே தரம், ஒரே வேகம், ஒரே விலை வருகிறதே, அதை. அரவிந்தில் அறுவை அறைக்குள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு கண்ணை முடித்த மருத்துவர் அப்படியே திரும்பி அடுத்த கண்ணில் கைவைப்பார். நோயாளியைத் தயார் செய்வது முதலிய மற்ற வேலையெல்லாம் கிராமத்திலிருந்து எடுத்துப் பழக்கிய பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். மருத்துவர் கை, மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை தடையாக இருந்தபோது 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் தாங்களே செய்து விலையை இறக்கினார்கள். பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வதற்கு இந்த வேகம்தான் இடம் கொடுத்தது.

ஒரு சந்தேகம் வரும். இரண்டு விஷயமும் ஒருவர் தலைக்குள் இருந்துவிட்டால் இணைப்பு தானாக வந்துவிடுமா? மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-இல் இதைச் சோதித்தார்கள். அவர்கள் கொடுத்த புதிர் இது: வயிற்றில் கட்டி. கதிரைப் பலமாகப் பாய்ச்சினால் கட்டி சாகும், வழியிலிருக்கும் நல்ல சதையும் சாகும். மெதுவாகப் பாய்ச்சினால் சதை பிழைக்கும், கட்டியும் பிழைக்கும். என்ன செய்வது? சும்மா கேட்டால் பத்தில் ஒருவர்தான் விடை சொன்னார். இன்னொரு கூட்டத்துக்கு முன்கூட்டியே ஒரு கதை படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கோட்டை, அதற்குப் பல வழிகள், எல்லா வழியிலும் கண்ணிவெடி. பெரிய படை ஒரே வழியில் போனால் வெடிக்கும். தளபதி படையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து எல்லா வழியிலும் அனுப்பி ஒரே நேரத்தில் கோட்டையடியில் கூட்டுகிறான். கட்டிக்கும் அதுதான் விடை: பல திசையிலிருந்து மெல்லிய கதிர்கள், கட்டியில் மட்டும் சேரும்படி. கதிர்ச் சிகிச்சையில் உண்மையாகவே அப்படிச் செய்கிறார்கள். அந்தக் கதையைப் படித்து முடித்த கையோடு கேட்டும், தானாகப் பிடித்துக்கொண்டவர்கள் பத்தில் மூன்று பேர்தான். “நீங்கள் படித்த கதை உதவலாம்” என்று ஒரு வரி சொன்னவுடன் முக்கால்வாசிப் பேர் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது அந்த ஒரு வரிதான். பதில் தலைக்குள்ளேயே கிடக்கிறது. பக்கத்தில் ஒருவர் தட்டிவிட வேண்டியிருக்கிறது. பட்டறையில் தட்டிவிடுகிற ஆள் பெரும்பாலும் பொறியாளராக இருப்பதில்லை.

எங்களிடம் அலுமினியப் பாகம் வெட்டும் வேலை ஒன்று வந்தது. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்ட் திரும்பத் தொட்டிக்குப் போய் மறுபடி மேலே வரும். நடுவில் ஒரு சல்லடைத் தகடு. அலுமினியம் தூளாகவும் நூலாகவும் வந்து அதில் அப்பிக்கொள்ளும், பம்ப் திணறும், மெஷினை நிறுத்திவிட்டுச் சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். நான் சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கலாமா, சின்னதாக்கலாமா என்று நாள்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிசிறு எடுக்கும் மேசையில் ஒரு அக்கா உண்டு. எங்களிடம் வருவதற்கு முன்னால் சீசன் சீசனாக மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்தவர். கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா மாங்காய் பழுத்தால் பாதி ஊர் கூழ் ஆலையில்தான் இருக்கும். நான் சல்லடையைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, அங்க இத்தன நார் வருது, நாங்க ஒரு நாளும் சல்லடைய கழட்டினதில்லையே” என்றார்.

“அங்க எப்பிடிக்கா?”

“சல்லட உருளையா இருக்கும். உள்ள ரெக்க சுத்திக்கினே இருக்கும். கூழு வெளிய வந்துரும், நாரு தள்ளிக்கினே போயி அந்தப் பக்கம் விழுந்துரும். நின்னாதான அப்பும்?”

நின்றால்தானே அப்பும். ஓட்டைத் தகட்டை உருளையாக வளைத்து, கொஞ்சம் சாய்த்து, உள்ளே நைலான் பிரஷ் வைத்த தண்டை மெதுவாகச் சுற்றுகிற சின்ன மோட்டார் போட்டோம். தூள் ஒரு பக்கம் வாளியில் விழுகிறது. இது உலக அதிசயம் இல்லை. இதே மாதிரி ஃபில்டர் பெரிய கம்பெனிகள் விலைக்கே விற்கிறார்கள். ஆனால் என் தலையில் அது ‘சல்லடைப் பிரச்சினை’யாக இருந்தது, அக்கா தலையில் ‘நிற்கிற பிரச்சினை’யாக இருந்தது. தொழிலின் பெயரை உரித்துவிட்டுப் பார்க்க அவருக்கு வாய்த்தது, இரண்டு ஆலையிலும் கை நனைத்தவர் என்பதால்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு கேஜ் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கும் எனக்கு உள்ளூர்ச் சரக்குதான் உதவுகிறது. பக்கத்தில் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சந்தை. பக்ரீத்துக்கு முந்தின வாரங்களில் ஆடு வாங்க வருகிற பாய்மார்கள் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். பால்பல் விழுந்து ரெண்டு பல் முளைத்திருந்தால் வயசு ஆச்சு, குர்பானிக்கு ஆகும். முளைக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். ஆடு எந்தத் தேதியில் பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிளக் கேஜும் அதுதான்: ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. துளை எத்தனை மில்லிமீட்டர் என்று அது சொல்லாது, ஆகுமா ஆகாதா என்று மட்டும் சொல்லும். ஐ.டி.ஐ. புத்தகத்தில் இரண்டு பக்கம் வருவதை ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் எட்ட இருப்பதைக் கொண்டுவந்து இணைப்பதுதான் உசத்தி என்றும் நினைத்துவிடக் கூடாது. கெவின் டன்பார் என்ற ஆய்வாளர் 1990களில் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடங்களில் போய் உட்கார்ந்து, வாராந்தரக் கூட்டங்களில் விஞ்ஞானிகள் பேசுவதையெல்லாம் பதிவு செய்தார். அவர்கள் ஒப்புமைகளை நிறையவே பயன்படுத்தினார்கள். ஆனால் பெரும்பாலானவை பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்: இந்தக் கிருமியில் இப்படி என்றால் அந்தக் கிருமியில் எப்படி என்கிற மாதிரி. கோட்டைக் கதை மாதிரி எட்டத்து ஒப்புமைகள் எல்லாம் அபூர்வம். வெவ்வேறு பின்னணிக்காரர்கள் கலந்திருந்த கூடங்கள்தான் சிக்கலிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தன. எல்லோரும் ஒரே படிப்பு படித்திருந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

டைட்டன் கதையிலும் கடைசியில் நன்றாக நின்ற ஒரு முடிச்சு அப்படிப் பக்கத்து வீட்டு முடிச்சுதான், அதைப் பற்றி வெளியே அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2002-இல் அவர்கள் கொண்டுவந்த எட்ஜ் கடிகாரம் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் கனம். உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதைச் செய்ய வேண்டுமென்றால் அதைப் பிடிக்கிற ஃபிக்ஸரும், கோக்கிற மெஷினும் கடையில் கிடைக்காது. இந்த மாதிரி மெஷினையும் டூலையும் தாங்களே கட்டிக் கட்டிப் பழகிய கூட்டம் ஓசூரில் உருவாகிவிட்டது. அந்தக் கையை அடுத்தவர்களுக்கும் விற்றால் என்ன என்று தொடங்கியதுதான் டைட்டன் என்ஜினியரிங் அண்ட் ஆட்டோமேஷன், எங்கள் வாயில் ‘டீல்’. விமானத்துக்கான பாகங்கள் செய்கிறார்கள், மற்ற தொழிற்சாலைகளுக்கு அசெம்பிளி லைன் கட்டிக் கொடுக்கிறார்கள். கடிகாரத்துக்கும் விமானத்துக்கும் பார்வைக்கு மலைக்கும் மடுவுக்குமான தூரம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானைப் பிடித்து வைக்கிற வேலை ஒன்றுதான்.

இப்போது குருபரப்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்துவிட்டன. பகல் ஷிப்ட் விடும் நேரத்தில் சாலையோரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதோடு ஒடியாவும் இந்தியும் கேட்கும். மீன் வலை பின்னியவர், செங்கல் சூளையில் இருந்தவர், பட்டுப்புழு வளர்த்தவர் எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். இத்தனை தொழிலறிவு ஒரே கேட்டுக்குள் போகிறது என்று எனக்கு ஆசையாக இருக்கும். ஆனால் லைனில் ஒருவருக்கு ஒரு ஸ்க்ரூ. பக்கத்து ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர் முறைப்பார். கைசன் பெட்டி வைத்திருப்பார்கள், யோசனை எழுதிப் போட்டால் பரிசுகூட உண்டு. அதில் விழுவது பெரும்பாலும் ‘விளக்கை இரண்டடி கீழே இறக்கவும்’ ரகம்தான். மீன் வலை பின்னியவரிடம், முடிச்சு நழுவாமல் எப்படி இழுப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை, லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லட்சக்கணக்கில் ஒரே மாதிரிப் பாகம் வேண்டுமென்றால் ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருக்க முடியாது. மெக்டொனால்ட்ஸிலும் அப்படித்தானே.

எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலை கேட்டு வருகிறவர்களிடம் சர்டிஃபிகேட்டைப் பார்த்த பிறகு, “இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்த?” என்று கேட்பேன். கூச்சப்பட்டுக்கொண்டு மறைக்கப் பார்ப்பார்கள். அம்மாவோடு புளி உடைத்ததை எல்லாம் டூல் ரூமில் சொல்லலாமா என்று. போன மாதம் வந்த பையன் தளி பக்கம் ரோஜாப் பண்ணையில் இருந்திருக்கிறான். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற பூ. காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, நெளி அட்டையில் சுற்றுவார்கள். அப்போது எங்களிடம் ஒரு புகார் நின்றுகொண்டிருந்தது. தலை மட்டும் பளபளப்பாக கிரைண்ட் செய்த நீளப் பின்களை ட்ரேயில் அடுக்கி அனுப்பினால், வழியில் தலைக்குத் தலை உரசிக் கீறல் விழுகிறது. இடையில் ஃபோம் வைத்தோம், ட்ரேயில் பாதிதான் கொள்கிறது, வண்டி வாடகை கட்டவில்லை.

பையன் ட்ரேயைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அண்ணா, பூவை ஒரே மட்டமா வெச்சா இதழ் நசுங்கிரும்ணா. நாங்க ஒரு வரிசை தலை மேல, அடுத்த வரிசை தலை ஒரு பூ அளவு கீழ வெச்சிக் கட்டுவோம். கட்டு பெருசாகாது.”

இரண்டு உயரத்தில் குழி வைத்து டெல்ரின் பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி ட்ரே வெட்டியிருக்கிறோம். கீழ் வரிசையை எடுக்கும்போது விரல் போக இடம் பற்றவில்லை, அதை மட்டும் அகலப்படுத்த வேண்டும். புகார் அனுப்பிய கம்பெனிக்காரர் திங்கட்கிழமை பார்க்க வருகிறார்.